வோம்பேட்டுக்கு ஒரு கதவு

போன ஆகஸ்டில் நரி எங்கள் ஆட்டுக்குட்டிகளில் பதினொன்றைக் கொண்டுபோனது. வேலிக்கு அடியில் வோம்பேட் பறித்து வைத்திருந்த ஓட்டை வழியாகத்தான் வந்தது. காட்டோரம் வளை தோண்டிக் குடியிருக்கும் அந்தப் பிராணி, இருட்டினால் எங்கள் நிலத்தில் புல் மேய வரும். முப்பது கிலோ பிடிவாதம். ஆட்டுக்குட்டியை ஏறெடுத்தும் பாராது. வேலியையும் பாராது.

இந்த வருஷம் ஆடுகள் குட்டி போட இரண்டு வாரம் இருக்கையில், என் கணவன் மெர்வின் வேலியில் ஒரு கதவு மாட்டினான். மேலே கீல் வைத்த கனத்த பலகை. வோம்பேட் தலையால் முட்டினால் திறக்கும், பின்னாலேயே மூடிக்கொள்ளும். நரியால் தள்ள முடியாது. ஆஸ்திரேலியாவில் எங்கள் கிப்ஸ்லாந்துப் பக்கம் பாதிப் பண்ணைகளில் இருப்பதுதான். ஆனால் மற்றவர்கள் அதை வோம்பேட் நடக்கும் தடத்தில் மாட்டுவார்கள். மெர்வின் பன்னிரண்டு அடி தள்ளி மாட்டினான். அங்கேதான் தரை சமமாம்.

"அது போற வழியில மாட்டு மெர்வின்."

"யார் நிலம் இது? என் கதவுக்கு அது வரட்டும். பழகிக்கும்."

"அதுக்கு ஏற்கெனவே ஒரு வழி பழகியிருக்கு."

"லோர்னா, நீ போய் டீ போடு."

தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால். அவன் மண் தள்ளி மூடிய பழைய ஓட்டை மறுநாள் திறந்து கிடந்தது. கல்லைப் போட்டு அடைத்தான். காலையில் கல் உருண்டு கிடந்தது. சிமென்ட் ஊற்றினான். அதன் ஓரமாகப் பறித்துக்கொண்டு போய்விட்டு, காய்ந்த சிமென்ட் மேல் பகடைக்காய் போலச் சதுரமாக ஐந்து புழுக்கை வைத்திருந்தது. இது என் எல்லை என்று வோம்பேட் சொல்லும் முறை அதுதான். மெர்வின் நெடுநேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றான். எனக்குச் சிரிப்பு தாளவில்லை. ஆனால் அந்த வாரமே முதல் குட்டி பிறந்தது. அது தள்ளாடி எழுந்து நிற்பதைப் பார்த்ததும் எனக்குப் போன வருஷத்துப் பதினொன்றும் நினைவுக்கு வந்தன.

மெர்வின் சந்தைக்குப் போன அன்று, பக்கத்துப் பண்ணை ஐரிஸைக் கூப்பிட்டேன். அவள் பலகையைப் பிடித்துக்கொள்ள, கதவைக் கழற்றி வோம்பேட் வரும் ஓட்டையிலேயே மாட்டினேன். கதவு முன்பு இருந்த இடத்தைக் கம்பிவலையால் அடைத்தேன். முதுகு இரண்டாகப் போனது.

காலையில் பலகையில் ஈரமண்ணும் நாலு முடியும் ஒட்டியிருந்தன. புதிதாக ஒரு ஓட்டை இல்லை. மெர்வின் வந்து பார்த்தான். கதவு எப்படி இங்கே வந்தது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. தொப்பியைப் பின்னால் தள்ளிக்கொண்டான்.

"சொன்னேன்ல, பழகிக்கும்னு."

குட்டிகள் எல்லாம் தப்பின. சனிக்கிழமை மதுக்கடையில் அவனைச் சுற்றி நாலு பேர்.

"வோம்பேட்டுக்குக் கண்டிப்பு வேணும்பா. விட்டுக்கொடுத்தா தலையில ஏறிக்கும்," என்று பாடம் நடத்திக்கொண்டிருந்தான்.

ஐரிஸ் என் விலாவில் இடித்தாள். "உனக்குக் கோபமே வரலையாடி?"

"எதுக்கு? முப்பது வருஷமா அவன் எந்தப் பக்கம் போறான்னு பார்த்துத்தான் நான் கதவு மாட்டிக்கிட்டு இருக்கேன். வேலி நிக்குதுல்ல."