கடைசிப் பந்தி

வனஜாவை எனக்குப் பிடிக்காது என்று சொன்னால் ஊரில் யாரும் நம்ப மாட்டார்கள். ஆறு வருடமாக அவ்வளவு நன்றாக நடித்திருக்கிறேன். அவள் என் கடைசிக் கொழுந்தனார் சுந்தரராஜுலுவின் மனைவி. பி.எஸ்ஸி. படித்தவள், சிரித்தால் கன்னத்தில் குழி விழும். இருந்துவிட்டுப் போகட்டும். வீட்டில் கரண்டி என் கையில்தானே இருந்தது.

சூலூரில் எங்கள் வீட்டில் பதினேழு பேர். மூத்த மருமகள்தான் பரிமாற வேண்டும். எல்லாரும் கை கழுவின பிறகுதான் அவள் சாப்பிட வேண்டும். இருபத்திரண்டு வருடமாக அது நான். சமையலுக்கு மாசாணியம்மாள் இருக்கிறாள். ஆனால் பரிமாறுவதை நான் யாருக்கும் விட்டதில்லை. யாருக்கு ரசம் தெளிவாக வேண்டும், யாருக்கு அடிமண்டி வேண்டும் என்பதெல்லாம் எனக்குத்தான் தெரியும்.

தொண்ணூற்றேழு மே மாதம், பம்பு பட்டறை நன்றாக ஓடிய சந்தோஷத்தில் என் வீட்டுக்காரர் லட்சுமணசாமி பதினேழு பேரையும் பினாங்குக்குக் கூட்டிப்போனார். எங்கள் குடும்பத்தில் யாரும் அதுவரை கடல் தாண்டியதில்லை. கடற்கரை ஓட்டலில் ஐந்து நாள். தங்குவது, மூன்று வேளை சாப்பாடு, ஜூஸ், ஐஸ்கிரீம் எல்லாவற்றுக்கும் சேர்த்து முன்பே கட்டியாகிவிட்டது. மணிக்கட்டில் ஒரு பச்சை பிளாஸ்டிக் வளையம் மாட்டிவிட்டார்கள். அதைக் காட்டிவிட்டு எத்தனை முறை வேண்டுமானாலும் எடுத்துச் சாப்பிடலாம்.

முதல் நாள் காலை சாப்பாட்டு ஹாலில் மூடி போட்ட பாத்திரங்கள் வரிசையாக இருந்தன. எதில் மாட்டுக்கறி இருக்குமோ என்று எங்கள் ஆட்கள் வெறும் தட்டோடு நின்றார்கள். வனஜா முன்னால் போய் அங்கிருந்த சமையல்காரரிடம் இங்கிலீஷில் கேட்டாள்.

"இது கோழிங்க மாமா, தைரியமா எடுத்துக்குங்க. அது மட்டும் வேண்டாமுங்க" என்றாள் என் வீட்டுக்காரரிடம்.

அவ்வளவுதான். என்னைத் தவிர அத்தனை பேரும் அவள் பின்னால் போய்விட்டார்கள். என் மகள் சாய்ப்ரியா வாய்க்கு வாய் சித்தி, சித்தி என்றாள். பட்டறையில் முப்பது பேரை வேலை வாங்குகிற என் வீட்டுக்காரர், "ஏம்மா வனஜா, இதை எடுக்கலாமா?" என்று தட்டை ஏந்தி நின்றார். எனக்கு வயிறு எரிந்தது.

நான் வழக்கம்போல நின்றேன். நீச்சல் குளத்திலிருந்து பிள்ளைகள் ஒவ்வொன்றாக ஈரத்தலையோடு வந்து சாப்பிட்டுப் போகும்வரை நின்றேன். கடைசிப் பிள்ளை எழுந்த பிறகு தட்டை எடுத்தால், மணி பத்தரை ஆகிவிட்டது. பாத்திரங்களைக் கொண்டுபோய்விட்டார்கள். மேசைத் துணியைக்கூட உருவிக்கொண்டிருந்தார்கள்.

மத்தியானமும் அதே கதி. இரவில் இரண்டு வாழைப்பழம் மிஞ்சியது. மறுநாளும், அதற்கு மறுநாளும் அப்படியே. முன்னாலேயே சாப்பிட வேண்டியதுதானே என்பீர்கள். பிள்ளைகள் சாப்பிடும் முன் எனக்குச் சோறு இறங்காது. ஓட்டல்காரர்களிடம் கேட்கலாமே என்றால், அதற்கு இங்கிலீஷ் வேண்டும். இங்கிலீஷுக்கு வனஜாவிடம் போக வேண்டும். அதைவிடப் பட்டினியே கிடப்பேன். அறைக்குப் போய் மாசாணியம்மாள் கட்டிக்கொடுத்த முறுக்கைத் தின்றேன். மூன்று நாளில் ஒருவர்கூட நான் சாப்பிட்டேனா என்று கேட்கவில்லை.

நான்காம் நாள் மத்தியானம் அறைக் கதவைத் தட்டியது வனஜா. கையில் ஒரு தட்டு, அதன்மேல் இன்னொரு தட்டைக் கவிழ்த்திருந்தாள்.

"அக்கா, மூணு நாளா பாத்துட்டே இருக்கறனுங்க. நீங்க தட்டே எடுக்கறதில்லீங்க. அவங்ககிட்டச் சொல்லி எடுத்து வெச்சுட்டனுங்க, சாப்புடுங்க."

"எனக்குப் பசியில்ல கண்ணு."

"முறுக்கு டப்பா காலியாக் கெடக்குதுங்களே."

தட்டைத் திறந்தேன். சோறு, தயிர், கோழி வறுவல், ஓரத்தில் ஒரு துண்டு எலுமிச்சை. எலுமிச்சை பிழியாமல் எனக்கு வறுவல் பிடிக்காது. அது இவளுக்கு எப்படித் தெரியும்? வீட்டில் எல்லாரும் போன பிறகு நான் தனியாகச் சாப்பிடுவதை எங்கிருந்து பார்த்தாள்? யாருக்கு என்ன பிடிக்கும் என்று தெரிந்து வைத்திருப்பது என் வேலை. அவள் போனதும் ஒரு பருக்கை விடாமல் தின்றேன். அழுகை வந்தது. அவள் கெட்டவளாக இருந்திருந்தால் எவ்வளவு வசதியாக இருந்திருக்கும்!

ஊர் திரும்பிய மறுநாள் மத்தியானம், வீட்டிலும் கோழி வறுவல். எல்லாரும் உட்கார்ந்தார்கள். நான் சோற்றுப் பாத்திரத்தைத் தூக்கியதும் வனஜா எழுந்து வந்து கரண்டியைப் பிடித்தாள்.

"இன்னைக்கு நீங்க உக்காருங்கக்கா, நான் போடறனுங்க."

சாய்ப்ரியா நகர்ந்து தன் பக்கத்தில் ஒரு தட்டை வைத்தாள். என் வீட்டுக்காரரும் தலையாட்டினார். இருபத்திரண்டு வருடத்தில் முதல் முறையாக எனக்கு இடம் போட்டிருந்தார்கள். காலையிலிருந்து நான் ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை. வறுவல் வாசம் வயிற்றைக் கிள்ளியது.

"எனக்குப் பசியில்ல கண்ணு. நீ போய் உக்காரு" என்று கரண்டியை வெடுக்கென்று இழுத்துக்கொண்டேன்.

அவள் போய் உட்கார்ந்தாள். அவளுக்குத்தான் முதலில் சோறு போட்டேன், வேண்டுமா வேண்டாமா என்று கேட்காமல் நாலு கரண்டி.

எல்லாரும் எழுந்து போன பிறகு சமையலறைக்குப் போனேன். என் தட்டு கழுவித் துடைத்துத் தயாராக இருந்தது. ஓரத்தில் ஒரு துண்டு எலுமிச்சை.

அதை எடுத்துக் கழுநீர்த் தொட்டியில் எறிந்தேன். பிறகு உட்கார்ந்து, எலுமிச்சை இல்லாமலே வறுவலைச் சாப்பிட்டேன். நன்றாகவே இல்லை.