லைசென்ஸ் உள்ள ஆள்

கூராபி ஊர் மருந்துக்கடைக் கவுண்டரில் இருபத்திரண்டு வருஷம் நின்றவள் நான். கிளெனிஸ் ஒரு மாத்திரை எடுத்துத் தருவதற்குள் தலைவலி தானாகவே போய்விடும் என்று ஊரில் கேலி பேசுவார்கள். பேசட்டும். சட்டம் என்றால் சட்டம். அதில் எனக்குக் கொஞ்சம் திமிரே உண்டு.

எங்கள் மருந்தாளர் ஹாட்ரிக்குக்குத் திங்கட்கிழமை பக்கவாதம் வந்து, விமானத்தில் அடிலெய்டுக்குக் கொண்டுபோனார்கள். லைசென்ஸ் உள்ள மருந்தாளர் இல்லாமல் கடை திறக்கக்கூடாது. மருந்து ஃபிரிட்ஜைப் பார்த்துக்கொள்ள மட்டும் சாவி என்னிடம் இருந்தது. புதன்கிழமை காலை செம்புழுதி கிளம்பியிருந்தது. உள்ளே இருந்தேன். பக்கத்து வீட்டு மெர்வ் வந்து கதவைத் தட்டினான். ஆஸ்துமாக்காரன்.

"கண்ணு, அந்த நீல இன்ஹேலர் ஒண்ணு எடுத்துக் குடு. என்னோடது காலி."

"முடியாது மெர்வ். மருந்தாளர் இருந்தாத்தான் தரலாம்."

"அதோ உன் முதுகுக்குப் பின்னாலதான இருக்கு! உன் வீட்டுக் கூரைக்கு ஆணி அடிச்சவன் நான்."

"அதுக்காக என்னை ஜெயிலுக்குப் போகச் சொல்றியா? ரொம்ப முடியலையா? ஆம்புலன்ஸைக் கூப்பிடவா?"

"சேச்சே. நெஞ்சு கொஞ்சம் இறுக்கமா இருக்கு, அவ்வளவுதான்."

கிளினிக் நர்ஸ் வெள்ளிக்கிழமைதான் வருவாள். மருந்தாளர் பதிவேட்டைப் பார்த்து ஒவ்வொரு ஊராகப் போன் போட்டேன். மூன்றாவது போனில், நூற்றுப்பத்து கிலோமீட்டர் தள்ளி, ஒரு மருந்தாளர் கிடைத்தார். அஞ்சு மணிவரை இருப்பேன், வரச்சொல்லுங்கள் என்றார். அவர் பெயர், விலாசம், பதிவு எண் எல்லாம் சீட்டில் எழுதி மெர்விடம் நீட்டினேன்.

"பாத்தியா, லைசென்ஸ் உள்ள ஆளையே பிடிச்சுக் குடுத்துட்டேன்."

"உனக்குச் சிலைதான் வைக்கணும்," என்று இருமிக்கொண்டே சிரித்தான்.

அறுபதாவது கிலோமீட்டரில் அவன் வண்டி சாலையோரம் நின்றிருந்தது. இஞ்சின் ஓடிக்கொண்டிருந்ததாம். என் சீட்டு அவன் மடியில் கிடந்ததாம்.

துக்க வீட்டில் எல்லாரும் சட்டத்தைத்தான் திட்டினார்கள். நானும் கூடச் சேர்ந்து திட்டினேன்.

மூன்று வாரம் கழித்துத் துய் என்ற சின்னப் பெண் மருந்தாளராக வந்தாள். முதல் நாளே மெர்வின் மனைவி கோரலி வந்தாள். அவன் மிச்சம் வைத்த மருந்துகளைப் பையில் போட்டுக் கொண்டுவந்திருந்தாள். செத்தவர் மருந்தைக் கடையில் திருப்பிக் கொடுப்பதுதான் எங்கள் வழக்கம். காலி இன்ஹேலரும் அதில் இருந்தது. நான் அதைப் பார்க்காமல் வாங்கிக்கொண்டேன்.

துய் கடையிலிருந்த மருந்துகளை ஒவ்வொன்றாகத் தேதி சரிபார்த்துக்கொண்டிருந்தாள். கவுண்டருக்கு அடியிலிருந்த முதலுதவிப் பெட்டியைத் திறந்து ஒரு நீல இன்ஹேலரை எடுத்தாள்.

"இதுக்கு அடுத்த மாசம் தேதி முடியுதுங்க."

"அது கடையில வேலை செய்யறவங்களுக்கு," என்றேன்.

"யாருக்கு மூச்சு முட்டினாலும் குடுக்கலாங்க. முதலுதவிக்கு எதுக்கு லைசென்ஸ்?"

சாதாரணமாகத்தான் சொன்னாள். பாவம், அவளுக்கு ஒன்றும் தெரியாது.

கோரலி கவுண்டர்மேல் சாய்ந்து பெட்டியை எட்டிப் பார்த்தாள்.

"கிளெனிஸ், அன்னிக்கு இந்தப் பெட்டி இங்கதான் இருந்துச்சா?"

பொய் வாய்வரைக்கும் வந்தது.

"இங்கதான் இருந்துச்சு," என்றேன். "வாராவாரம் தூசி தட்டி வைக்கிறது நான்தான்."