பெயரை மாற்றும் முன்

தகன மைதான அலுவலகத்தில் நளினி கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தபோது பக்கத்து நாற்காலியில் மகள் தாரிணியின் போன் அடித்தது. திரையில் நளினியின் கணவர் ரகுநாதனின் படம். அதன் கீழே 'ஹிட்லர்' என்று பெயர். அவரோ உள்ளே வெள்ளைத் துணி சுற்றிக் கிடந்தார்.

தாரிணி எடுக்காமல் வெறித்துப் பார்த்தாள். நளினிக்கு ஒரு கணம் புத்தி தடுமாறிவிட்டது. வேறு யாரையோ தூக்கி வந்துவிட்டார்கள், அவர் வழக்கம்போல எங்கிருந்தோ கூப்பிட்டுத் திட்டப்போகிறார் என்று நம்பியே விட்டாள். போனை வாங்கிக் காதில் வைத்து, "சொல்லுங்க" என்றாள்.

"பாபி, மே ஹஸ்னைன். கேட் கிதர் ஹை?"

அண்ணி என்று கூப்பிட்டு கேட் எங்கே என்று கேட்டது, ஷார்ஜா தொழில்பேட்டையில் ரகுநாதனோடு வேலை பார்க்கிற பாகிஸ்தான்காரர். செவ்வாய்க்கிழமை மதியம் ரகுநாதன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தபோது தாங்கிப் பிடித்தவர். இறந்தவரின் காரையும் போனையும் ஒப்படைக்க வந்து வாசல் தெரியாமல் சுற்றிக்கொண்டிருந்தார். அந்த போனுக்கு லாக் கிடையாது. "மறைக்கறதுக்கு என்ன இருக்கு" என்பார் ரகுநாதன். அவர் கடைசியாகக் கூப்பிட்ட எண் மகளுடையது.

அபுதாபியிலிருந்து வந்திருந்த ரகுநாதனின் தம்பி பாலா திரையை எட்டிப் பார்த்து முகம் சுளித்தான்.

"அண்ணி, இத மொதல்ல மாத்தச் சொல்லுங்க. நாலு பேர் பாத்தா என்ன நெனப்பாங்க?"

"மாத்த முடியாது சித்தப்பா. அப்பா கூடாதுன்னு சொல்லியிருக்கார்" என்றாள் தாரிணி.

கண்டிப்பான வாத்தியார், மாமனார், மேனேஜர் என்று யாருக்கு வேண்டுமானாலும் ஊரில் சுலபமாக வைத்துவிடுகிற பெயர்தான். செருப்பு கோணலாகக் கிடந்தால் தூக்கம் வராத, ஊருக்குப் போக ஒரு மாதம் முன்பே பெட்டி கட்டுகிற ரகுநாதனுக்கு வீட்டில் அது எப்போதோ ஒட்டிக்கொண்டது. அவரும் சிரிப்பார். போன வாரம் பள்ளியில் சரித்திர டீச்சர் அதைப் பார்த்து யாரென்று கேட்க, "மை டாட்" என்று தாரிணி சிரித்திருக்கிறாள். டீச்சர் சிரிக்கவில்லை. ரகுநாதனை வரச் சொன்னார்.

போய்விட்டு வந்தவர் சட்டையைக்கூட மாற்றாமல் உட்கார்ந்து போனில் எதையோ படித்துக்கொண்டே இருந்தார். சாப்பாடு ஆறிப்போயிற்று.

"அறுபது லட்சம் பேரு, நளினி. பச்சக் கொழந்தைங்க உள்பட. நம்ம வீட்டுல அது செல்லப்பேரு."

அவர் யாரையும் திட்டவில்லை. அதுதான் பயமாக இருந்தது. துபாயில் ஒரு மியூசியத்தில் ஹிட்லர் கொன்ற அந்த யூதர்களுக்கென்று நினைவுக்கூடம் இருப்பதைக் கண்டுபிடித்து, சனிக்கிழமை மூன்று பேரும் போவதென்று முடிவு செய்தார். எந்த ரோட்டில் போவது, தயிர்சாதம் எந்த டப்பாவில் என்பது வரைக்கும் திட்டம் தயாரானது. திரும்பியதும் வீட்டில் எதையும் தொடாமல் தலைமுழுக வேண்டும் என்றார்.

"மியூசியம் போய்ட்டு வந்து எதுக்குங்க தலைமுழுகணும்?"

"சாவு வீட்டுக்குப் போய்ட்டு வந்தா முழுக மாட்டமா? அதுல எத்தனையோ குடும்பத்துல முழுகறதுக்கே ஆள் மிஞ்சலையாம்."

தாரிணி அப்போதே பெயரை மாற்றப் போனாள். அவர் தடுத்தார். "நான் திட்டுவேன்னு மாத்தாத. வந்து பாரு. அப்புறம் நீயே மாத்து." அவள் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டாள். செவ்வாய்க்கிழமை அவர் கூப்பிட்டபோதும் எடுக்கவில்லை.

நாளைக்குத்தான் அந்தச் சனிக்கிழமை.

"நாளைக்குப் போறமாம்மா?"

"என்ன பேச்சு இது?" பாலா குரலைத் தாழ்த்தினான். "தீட்டு வீடு. காரியம் முடியற வரைக்கும் கோயிலுக்கே போகக் கூடாது. மியூசியமாம்."

கோயில் கூடாது, கல்யாணம் கூடாது. நளினிக்கு அது தெரியும். ஆனால் ஒரு சாவு வீட்டுக்காரர்கள் இன்னொரு சாவு வீட்டுக்குப் போகலாமா? போனால் அவருக்கு மரியாதையா, போகாவிட்டால் மரியாதையா? எவ்வளவு யோசித்தும் பிடிபடவில்லை. இந்த மாதிரி குழப்பங்களை அவள் கொண்டுபோய்க் கொட்டுகிற ஆள் உள்ளே கிடந்தார். பாதியில் விட்டுவிட்டுப் போனதற்காக அவர்மேல் கோபம் பொங்கிக்கொண்டு வந்தது. உள்ளே கூப்பிட்டார்கள். தாரிணியின் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்து போனாள்.

எல்லாம் முடிந்து, ரகுநாதனின் காரிலேயே ஹஸ்னைன் இருவரையும் ஷார்ஜாவில் வீட்டு வாசலில் கொண்டுவந்து இறக்கினார். பாலா முன்னாலேயே வந்து மாடிக்குப் போயிருந்தான். ஹஸ்னைன் தயங்கி நின்று, டிக்கியைத் திறந்து காட்டினார்.

"ரகு பாய் கா பேக், பாபி."

சனிக்கிழமைக்கென்று அவர் முன்கூட்டியே கட்டிவைத்திருந்த துணிப்பை. உள்ளே ஒரு சோப்பு, ஓரம் பிசகாமல் மடித்த துண்டுகள். தாரிணியின் பூப்போட்டது, நளினியின் மஞ்சள், அடியில் அவருடைய பழுப்புத் துண்டு. நளினி மேலே இருந்த இரண்டையும் எடுத்தாள். எதையும் தொடாமல் நேராகக் குளியலறைக்குப் போய் ஒருவர் பின் ஒருவராகத் தலைமுழுகினார்கள்.

பால்கனி வெயிலில் துண்டுகள் சாயங்காலத்துக்குள் மொடமொடவென்று காய்ந்துவிட்டன. நளினி அவற்றை எடுத்துவந்து மடித்தாள். ஓரம் சேரவில்லை. பிரித்து மறுபடி மடித்தாள்.

"தாரிணி, கார் சாவி எங்க?"

"எதுக்கும்மா?"

நளினி துண்டுகளோடு சாவியையும் எடுத்துக்கொண்டு கீழே இறங்கினாள். டிக்கியில் பை அப்படியே இருந்தது. பழுப்புத் துண்டின் மேல் மற்ற இரண்டையும் வைத்து மூடினாள்.