ஒன்று விட்டு ஒன்று

அந்த இரண்டு அனுமதி அட்டைகளையும் வீட்டுக்கு வந்த அன்றே கிழித்துக் குப்பையில் போட்டிருக்க வேண்டும். அதற்குள் மாமனார் கையில் சிக்கிவிட்டன. பளபளவென்று நாடா, அதில் தொங்கும் தடித்த அட்டை. கார் பந்தயம், சனி, ஞாயிறு, சிறப்பு விருந்தினர், துணைக்கு ஒருவர். என் மனைவிக்கு இரண்டு நாளும் மருத்துவமனையில் வேலை. துணை யார் என்பதை மாமனாரே தீர்மானித்துவிட்டார்.

"முப்பத்தி நாலு வருஷம் பஸ் ஓட்டியிருக்கேன் மாப்ளே. கொஞ்சம் வேகமாப் போனா மெமோ குடுத்தானுங்க. இங்க என்னடான்னா வேகமாப் போறவனுக்குக் கோப்பை குடுக்கிறான். எப்படித்தான் ஓட்டுறானுங்கன்னு நான் பாத்தே ஆகணும்!"

மறுத்தால் ஏன் என்று கேட்பார். ஏன் என்பதைத்தான் நான் யாரிடமும் சொல்ல முடியாது. இங்கே சொல்கிறேன்.

நான் வெல்டிங் பரிசோதகன். அந்தப் பந்தயத் தடத்தின் கடைசி வளைவில் இரும்புக் கயிற்று வேலி ஒன்று இருக்கிறது. கார் கட்டுப்பாடு இழந்து எகிறி வந்தால் ஜனங்கள் மேல் விழாமல் பிடித்து நிறுத்த வேண்டியது அது. இருபத்து நான்கு தூண்கள். ஒவ்வொரு தூணின் அடியும் ஒரு கனத்த தகட்டோடு பற்றவைக்கப்பட்டிருக்கும். அந்தப் பற்றில் சிவப்புச் சாயம் ஊற்றி, பத்து நிமிஷம் காத்திருந்து, துடைத்துவிட்டு, வெள்ளைப் பொடி அடிக்க வேண்டும். விரிசல் இருந்தால் வெள்ளையில் சிவப்பாக ஒரு மயிர்க்கோடு கசியும். இல்லாவிட்டால் பச்சைப் பொட்டு வைத்துவிட்டு அடுத்த தூணுக்குப் போவேன். எல்லாம் முடிந்து நான் கையெழுத்துப் போட்ட பிறகு அடியை மூடி கான்கிரீட் கொட்டுவார்கள். அதற்கப்புறம் அந்தப் பற்றை ஆண்டவனாலும் பார்க்க முடியாது.

கடைசி நாள் மழை கட்டிக்கொண்டு நின்றது. கான்கிரீட் லாரி உருளையைச் சுற்றிக்கொண்டு பக்கத்திலேயே உறுமியது. ஒப்பந்தக்காரரின் மேலாளர் ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தரம் வந்து, "ஆச்சா சார், ஆச்சா சார்" என்று உயிரை எடுத்தார். எனக்குக் கோபம் வந்தால் மூளை வேலை செய்யாது. எக்கேடோ கெட்டுப் போங்கள் என்று ஒன்று விட்டு ஒன்றாகப் பார்த்தேன். பன்னிரண்டு தூண்கள். அதில் இரண்டில் சிவப்புக் கோடு. அவற்றை மறுபடி பற்றவைத்துச் சரிசெய்தோம். மீதிப் பன்னிரண்டைப் பார்க்கவே இல்லை. இருபத்து நான்குக்கும் பச்சைப் பொட்டு வைத்துக் கையெழுத்தும் போட்டேன். முதல் தூணிலிருந்து தொடங்கினேனா, இரண்டாவதிலிருந்தா என்றுகூட இப்போது நினைவில்லை. பொட்டைப் பார்த்தால் எல்லாமே பார்த்த தூண்தான்.

பன்னிரண்டில் இரண்டு கெட்டிருந்தால் மீதிப் பன்னிரண்டில் எத்தனை என்று கணக்குப் போடப் பெரிய படிப்புத் தேவையில்லை. மூன்று மாதமாக அதைப் போட்டுக்கொண்டுதான் படுக்கிறேன்.

சனிக்கிழமை உள்ளே நுழைந்ததுமே மேலாளர் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு வந்தார்.

"வாங்க சார், வாங்க! வேலைய நேரத்துக்கு முடிச்சுக் குடுத்தீங்களே, அதுக்குத்தான் இந்த மரியாதை. உங்களுக்குன்னே இடம் பிடிச்சு வச்சிருக்கேன். முதல் வரிசை. நேர் எதிர்ல உங்க வேலி!"

நாடாவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு அவர் பின்னால் நடந்தேன்.

விருந்தினர் கூடம் கடைசி வளைவுக்கு மேலேயே இருந்தது. பின்னால் கண்ணாடி அறை, குளிர்காற்று, பழச்சாறு, கேக், கால் புதையும் கம்பளம். முன்னால் திறந்த மாடம், படிப்படியாக ஐந்து வரிசை நாற்காலிகள். முதல் வரிசைக்கும் வேலிக்கும் பதினைந்து தப்படிகூட இருக்காது. மாமனார் ஒரு கையில் சாறு, ஒரு கையில் கேக்கோடு நேராகப் போய் முதல் வரிசையில் உட்கார்ந்தார். சலவை மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை. ஓய்வு பெற்ற நாளில் போட்டுக்கொண்ட அதே சட்டை.

"மாமா, வெயிலா இருக்கு. உள்ள உக்காரலாம்."

"கண்ணாடிக்குள்ள உக்காந்து பாக்கறதுக்கு வீட்டுல டிவி இல்லையா மாப்ளே?"

பக்கத்தில் இருந்தவர்களுக்கெல்லாம் அவர் என்னைக் காட்ட ஆரம்பித்தார். "எங்க மாப்ளதான் இந்த வேலியச் சோதிச்சது. அவரு கையெழுத்து இல்லாம இங்க ஒரு கார் ஓடாது." எனக்குச் சிரிக்கவும் முடியவில்லை, எழுந்து ஓடவும் முடியவில்லை. பெண்ணைக் கொடுத்த நாள் முதல் இந்த மனிதர் என்னை ஒரு குறை சொன்னதில்லை. ஒரு குறையாவது சொல்லித் தொலைத்திருக்கலாம்.

சாயங்காலம் தகுதிச் சுற்றில் ஒரு கார் வளைவில் வழுக்கி, பக்கவாட்டில் வந்து, வேலிக்கு முன்னால் இருந்த இடுப்புயரத் தடுப்புச் சுவரில் உரசியது. மேலே வேலி முழுவதும் தூக்கிப் போட்டதுபோல் அதிர்ந்தது. காரிலிருந்து பிய்ந்த ஒரு துண்டு கயிற்றில் பட்டுத் திரும்பி விழுந்தது. மாடத்தில் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். ஓட்டுநர் வெளியே வந்து கையசைத்தார். மாமனார் எழுந்து நின்று என் தோளில் ஓங்கித் தட்டினார்.

"பாத்தீங்களாய்யா! மாப்ள வேலி! அசையுமா?"

அசைந்ததை நான் பார்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சிறப்பு விருந்தினர்களைத் தடத்தில் நடக்க விட்டார்கள். மற்றவர்கள் வரிசையாக நின்ற கார்களோடு படம் எடுத்துக்கொண்டிருக்க, நான் தடுப்புச் சுவரைத் தாண்டி வேலியோரமாகப் போனேன். பதினேழாவது தூண். அடியில் கான்கிரீட்டைச் சுற்றி மெல்லிய வெடிப்பு. அதன் விளிம்பில் புதுத் தூசி, மாவு சலித்ததுபோல். குனிந்து விரலால் தொட்டேன். தூணை இரண்டு கையாலும் பிடித்து ஒரு தள்ளு தள்ளினேன். மற்றத் தூண்கள் கல்போல் நின்றன. இது ஒரு பல் ஆடுவதுபோல் ஆடியது.

பாதுகாப்பு அதிகாரியின் அறைக்குப் போனேன். நல்ல மனிதர், உட்காரச் சொன்னார். "கடைசி வளைவு வேலி... ஒரு தூணுல லேசா வெடிப்பு தெரியுது" என்றேன். அவர் திரையில் ஏதோ தேடினார்.

"நேத்து இடிச்சதுக்கப்புறம் பசங்க மேலோட்டமாப் பாத்துட்டாங்க. மேல் பூச்சுதான் விட்டிருக்காம். அடிப்பக்கம் இருபத்தி நாலும் பாஸ்னு போட்டிருக்கே. கையெழுத்து..." அவர் சிரித்தார். "அட, நீங்கதானா! உங்க வேலையில உங்களுக்கே சந்தேகமா சார்?"

"எதுக்கும் அடியத் தோண்டிப் பாத்துடலாமே சார்" என்றேன்.

"அந்த அறிக்கை தப்புன்னு ஒரு வரி எழுதிக் குடுங்க. பந்தயத்த நிறுத்தி வச்சுத் தோண்டிப் பாக்கச் சொல்றேன். உங்க உரிமம் போகும். கேஸும் வரும். ஆனா நிறுத்திடுவேன். எழுதறீங்களா?"

காகிதத்தைத் தள்ளி வைத்தார். பேனாவின் மூடியையும் கழற்றிக் கொடுத்தார். கீழே மாமனார் யாரிடமோ என்னைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பது ஜன்னல் வழியாகத் தெரிந்தது.

"இல்ல சார். சும்மா கேட்டேன்" என்றேன்.

படியில் இறங்கும்போது என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. சரி, மாமாவை மட்டுமாவது அங்கிருந்து கிளப்பிவிடுவோம் என்று நினைத்தேன். மற்றவர்களை நினைக்கவில்லை. நான் அப்படிப்பட்ட ஆள்தான் என்று அன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது.

மாடத்துக்குத் திரும்பினால், மாமனார் ஒரு குடும்பத்தைக் கூட்டி வந்து இரண்டாவது வரிசையில் உட்கார வைத்திருந்தார். பேக்கரி நடத்தும் கணவன், மனைவி, ஆறு வயதுப் பெண் குழந்தை. ஏதோ குலுக்கலில் அவர்களுக்கு அட்டை விழுந்திருந்தது. காதில் பெரிய மூடிகளை மாட்டிக்கொண்டு குழந்தை கால்களை ஆட்டிக்கொண்டிருந்தது.

"பயந்துக்கிட்டு கண்ணாடிக்குள்ளயே ஒடுங்கிக் கிடந்தாங்க மாப்ளே. எங்க மாப்ள சோதிச்ச வேலி, பயப்படாம வாங்கன்னு நான்தான் இழுத்துட்டு வந்தேன்."

பேக்கரிக்காரர் என்னைப் பார்த்துக் கும்பிட்டார். "நீங்க இருக்கீங்கன்னதும்தான் சார் தைரியம் வந்துச்சு."

பந்தயம் தொடங்க இருபது நிமிஷம் இருந்தது. நான் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தேன். நடிப்புத்தான். ஆனால் மாமனாரின் முகம் வெளுத்ததைப் பார்த்தபோது நிஜமாகவே ஏதோ குத்தியது.

முதலுதவி அறை மாடத்துக்குப் பக்கவாட்டில், ஒரு ஜன்னலோடு இருந்தது. மருத்துவர் என் மனைவி வயதுப் பெண். நெஞ்சில் வட்டவட்டமான பசைப் பட்டைகளை ஒட்டி ஒயர்களை மாட்டினார். மாமனார் என் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றார். அவர் இங்கே வந்துவிட்டார், இனி எது நடந்தாலும் அவருக்கு ஒன்றும் ஆகாது. வெட்கமில்லாமல் எனக்கு அப்பாடா என்றிருந்தது.

"நீங்க ஒண்ணும் யோசிக்காதீங்க மாப்ளே. நம்ம இடம் வீணாப் போகல. அந்தக் குழந்தைய என் நாற்காலியில உக்கார வச்சுட்டுத்தான் வந்தேன். அங்கேருந்துதான் நல்லாத் தெரியும்."

அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை.

"மாமா, நான் அந்தத் தூணையெல்லாம் பாக்கல" என்றேன். "பாதியத்தான் பாத்தேன். மீதிக்குச் சும்மா கையெழுத்துப் போட்டேன். ஒரு தூண் ஆடுது மாமா. காலையில கையால தள்ளிப் பாத்தேன்."

அவர் கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை.

"எத்தன தூணு?"

"பன்னெண்டு."

"எது எது?"

"தெரியல மாமா."

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பந்தயம் தொடங்க நான்கு நிமிஷம். என் கையை மெதுவாகக் கட்டிலில் வைத்தார். பிறகு அறுபத்தெட்டு வயது மனிதர் கதவைத் தள்ளிக்கொண்டு ஓடினார். "மாமா! போகாதீங்க மாமா!" என்று அலறினேன். எங்கிருந்து அவரை இழுத்து வந்தேனோ, அதே இடத்துக்கு நானே திருப்பி அனுப்பியிருந்தேன்.

"டாக்டர், வாக்கி டாக்கியில சொல்லுங்க. பந்தயத்த நிறுத்தச் சொல்லுங்க. வேலி சரியில்ல. நான்தான் பரிசோதகன்."

"படுங்க சார். நெஞ்சு வலி வந்தா மனசு எதையாவது போட்டுக் குழப்பும். எல்லாரும் இப்படித்தான் பேசுவாங்க."

"நெஞ்சு வலியே இல்லம்மா! அதுவும் பொய்!"

அவர் திரையைப் பார்த்தார். இதயத் துடிப்பு நூற்று நாற்பத்தெட்டு. "இது பொய் சொல்லாது சார்" என்று என் தோளை அழுத்தினார்.

வெளியே என்ஜின்கள் ஒரே குரலில் வீறிட்டன. தரை நடுங்கியது. பந்தயம் தொடங்கிவிட்டது. கையில் அகப்பட்ட ஒயர்களைப் பிய்த்தெறிந்துவிட்டு ஜன்னலுக்குப் போனேன். முதல் வரிசையில் வெள்ளைச் சட்டை தெரிந்தது. குழந்தையைத் தூக்கப் போனார். பேக்கரிக்காரர் பதறி அவர் கையைத் தட்டிவிட்டுக் குழந்தையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார். மாமா ஏதோ கத்தினார். அந்தச் சத்தத்தில் யார் காதிலும் விழுந்திருக்காது. பின்வரிசைக்காரர்கள் மறைக்காதே, உட்கார் என்று கைகளை வீசினார்கள். மேலாளர் சிரித்துக்கொண்டே வந்து அவர் முழங்கையைப் பிடித்து இழுத்தார். மாமா உதறினார்.

பிறகு ஒரு வேலை செய்தார். குழந்தைக்கு முன்னால் போய், வேலிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, இரண்டு கைகளையும் விரித்து நின்றார். யாரோ அவர் மேல் காகிதக் கோப்பையை எறிந்தார்கள்.

கார்கள் வளைவுக்குள் மொத்தமாக வந்தன. இருபது கார்கள், ஒன்றோடொன்று உரசுகிற நெருக்கம். வேலி விர்ரென்று நடுங்கியது. பதினேழாவது தூணையே பார்த்துக்கொண்டிருந்தேன். போய்விட்டன. ஒன்றும் ஆகவில்லை.

"எத்தன சுத்து?" என்று கேட்டேன்.

"அம்பத்திரண்டு" என்றார் மருத்துவர்.

"காகிதம் குடுங்கம்மா."

என் முகத்தில் எதைப் பார்த்தாரோ, இந்த முறை படுக்கச் சொல்லவில்லை. மருந்துச் சீட்டைக் கிழித்துக் கொடுத்தார். ஜன்னல் விளிம்பில் வைத்து எழுதினேன். கடைசி வளைவில் பன்னிரண்டு தூண்களை நான் சோதிக்கவில்லை, என் அறிக்கை பொய். கீழே என் பெயர், உரிம எண், கையெழுத்து. அவர் வாசித்தார். ஒருமுறை ஜன்னல் வழியாக அந்த வெள்ளைச் சட்டையைப் பார்த்தார். வாக்கி டாக்கியை எடுத்து வரிவரியாக வாசித்துக் காட்டினார்.

மறுமுனையில், கட்டுப்பாட்டு அறையிலிருந்து, கரகரவென்று ஒரு குரல். "எழுதினது யாரு? இப்ப உங்க நோயாளியா இருக்கிறவரா?"

"ஆமா. ஆனா..."

"கொஞ்சம் இருங்க டாக்டர். விசாரிச்சுட்டுச் சொல்றோம்."

தூரத்தில் சத்தம் மறுபடி திரண்டு வளைவை நோக்கி வந்தது. "மாமா, வந்துடுங்க" என்று கண்ணாடியில் அறைந்தேன். அவருக்குக் கேட்டிருக்காது. சத்தம் நெருங்கியதும் பின்வரிசைக்காரர்கள் உற்சாகமாக எழுந்து நின்றார்கள். மாமா கையை இறக்கவில்லை.