உட்காரும் குளிர்

இரும்புக் கேட்டின் அடிக்கம்பியில் உறைபனி வெள்ளையாகப் படிந்திருக்கிறது, வெயில் அதன்மேல் விழ இன்னும் ஒரு மணி நேரம் ஆகும், அதுவரை அருளாயி அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள், பன்னிரண்டு நாளாக அவளுக்கு இதுதான் வேலை, உட்காருவது, அதைப் போய் வேலை என்று நினைத்தால் அவளுக்கே சிரிப்பு வருகிறது, முப்பது வருஷம் தேயிலைக் காட்டில் நின்றே பிழைத்தவள், எஸ்டேட் வாச்மேனாக இருந்த புருஷனை உக்காந்து சம்பளம் வாங்குற மகராசன் என்று லயத்து வீடுகள் அத்தனைக்கும் கேட்கும்படி குத்திக்காட்டியவள். கேட்டுக்கு அந்தப் பக்கம், இரண்டு வளைவு தாண்டிச் சரிவில், சோலைமட்டம் ஜனங்களின் கல்லறைத் தோட்டம், அங்கேதான் அவளுடைய லூர்து இருக்கிறான், ஏழு வயதில் போனவன், எஸ்டேட்டை வாங்கிய புதுக் கம்பெனிக்காரர்கள் மூன்று மாதத்துக்கு முன்னால் பாதையை மறித்துக் கேட் போட்டுப் பூட்டிவிட்டார்கள், சுற்றுலா வருகிறவர்கள் தங்க உள்ளே வீடு கட்டப் போகிறார்களாம், இனிமேல் சாகிறவர்களைக் கீழே ரோட்டோரத்தில் எங்காவது புதைத்துக்கொள்ளலாமாம். லயத்தில் அவள் புருஷன் சந்தியாகு நெஞ்சில் நீர் கட்டிக் கிடக்கிறார், பொங்கல் தாண்டாது என்று டாக்டர் சொல்லிவிட்டார், அவர் கேட்பது ஒன்றுதான், என்னைய பையன் பக்கத்துல போட்டுரு அருளு, வேற எங்கயும் போடாத.

முதல் நாள் நடந்த கூத்தை இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது, பிறந்ததிலிருந்து இந்தக் குளிரில் கிடந்தவர்கள், நமக்கா குளிரு என்று பதினேழு பெண்கள் கேட்டைத் திறக்கச் சொல்லிப் போராடக் கிளம்பினார்கள், காட்டு வேலைக்குப் போகிற அதே கோலம், ரவிக்கைமேல் ஆம்பளைச் சட்டை, இடுப்பில் தார்ப்பாய், தலையில் துண்டு, இரண்டு மைல் ஏற்றத்தை விறுவிறுவென்று ஏறியதில் முதுகெல்லாம் வேர்வை, அப்படியே வெறும் தரையில் வரிசையாக உட்கார்ந்து கோஷம் போட்டார்கள், கால் மணி நேரம்தான், வேர்வை முதுகிலேயே குளிர்ந்துபோய் ஈரத்துணியாக ஒட்டியது, தரையின் சில்லிப்பு தொடை வழியாக ஏறி வயிற்றைப் பிடித்தது, கோஷத்தை எடுத்துக் கொடுத்த கமலவேணிக்குப் பல் கிட்டியதில் பாதி கோஷம் வாய்க்குள்ளேயே நின்றுவிட்டது. குளிரில் எத்தனையோ வருஷம் கொழுந்து பறித்திருக்கிறார்கள், ஒரு நாள்கூடக் குளிரில் சும்மா உட்கார்ந்ததில்லை, உட்கார யார் விட்டார்கள். பத்து மணிக்குள் ஒன்பது பேர் எழுந்து போனார்கள், ஜீப்பில் வந்த மானேஜர் மிச்சப் பேரைப் பார்த்துவிட்டு, இருக்கட்டும் விடுய்யா, குளிரே இவங்களக் கூட்டிட்டுப் போயிரும் என்று டிரைவரிடம் சொன்னது எல்லோர் காதிலும் விழுந்தது.

அன்று அடுப்பு முன்னால் குறுகிப்போய் உட்கார்ந்திருந்தவளைச் சந்தியாகு கட்டிலில் இருந்தபடியே பார்த்துச் சிரித்தார், சிரிப்பு இருமலாகி, இருமல் அடங்க வெகுநேரம் ஆனது, பிறகு சொன்னார், இத்தன வருசமா என்னைய ஏசுனியே, உக்காருறது எம்புட்டுப் பாடுன்னு இப்பத் தெரியுதா. வேலைக் குளிரு வேற, உக்காருற குளிரு வேற, அது முன்னால நின்னு அடிக்கும், வெரட்டிரலாம், இது பின்னால வந்து நம்ம கூடவே உக்காந்துக்கும். ஏறும்போது மேல ஒன்னும் போடாத, சுவட்டரப் பையில வச்சுக்க, போனதும் ஈர ரவிக்கைய மாத்திரு, அதுக்கப்புறம் கம்பளியத் தொடு. குளிரு மேல இருந்து வருதுன்னு தலைய மூடிக்கிட்டா ஆச்சா, அது தரையில இருந்துதான் வருது, சாக்குல காஞ்ச புல்ல அமுக்கி அதுமேல உக்காரு. சாக்ஸ் ரெண்டு போட்டு இறுக்குனா காலு செத்துப்போகும், ஒன்னு போதும், தொளதொளன்னு இருக்கணும், உள்ளங்காலுக்குப் பேப்பரு. அவள் டிரங்குப் பெட்டியைக் கட்டிலடிக்கு இழுத்துவந்து ஒவ்வொன்றாக எடுத்து நீட்டினாள், ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் வாங்கிய பளபளச் சுவட்டரை இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்துவிட்டு, இது பகட்டுக்கு, உடம்ப அணைக்காது என்று தள்ளினார், முழங்கையில் ஓட்டை விழுந்த பச்சை மிலிட்டரிச் சுவட்டரைக் கன்னத்தில் வைத்துப் பார்த்து, இதைப் போடு, அது மேல என் காக்கிக் கோட்டு என்றார், கல்யாணப் பெண்ணுக்குப் புடவை எடுக்கிற கவனம், தன்னைப் புதைக்க இடம் கேட்கப் போகிறவளுக்குத் தானே துணி பொறுக்கித் தருகிற மனுஷனை அவள் வேறெங்கும் கண்டதில்லை, அழுகை வந்தது, பெட்டிக்குள் குனிந்துகொண்டாள்.

மறுநாள் காலை லயத்து முற்றத்தில் அருளாயிதான் வாத்தியார், மூட்டைப் பூச்சி கடிக்குமேக்கா என்று சாக்கைப் பார்த்து முகம் சுளித்த கமலவேணியிடம், கடிச்சா நல்லதுதான், தூங்க மாட்ட என்றாள். அன்று ஒருத்தியும் எழுந்து போகவில்லை, அடுத்த வாரம் இருபத்தெட்டுப் பேர் ஆனார்கள், ஜீப் வந்தது, நின்றது, போனது. ஆனால் இதில் ஒரு கணக்குதான் அவளுக்கு உதைக்கிறது, அவருக்கு மிச்சமிருப்பது விரல்விட்டு எண்ணுகிற நாட்கள், அந்த நாட்களை அவர் பக்கத்தில் உட்கார்ந்து கழிக்காமல் ஒரு பூட்டின் முன்னால் உட்கார்ந்து கழிக்கிறாள், ஒன்பதாம் நாள் காலையில், நான் இன்னிக்குப் போகலங்க, உங்க கூடவே இருக்கேன் என்று சொல்லிப் பார்த்தாள், அவர் முகம் சுவர்ப் பக்கம் திரும்பிவிட்டது, எங்கூட இருந்து என்ன செய்யப் போற, நான் எங்க போகணும்னு பாரு, அதுக்கு வழி பண்ணு. கருப்புக் கம்பளியையும் எடுத்துட்டுப் போ என்றார், அது உங்களுக்கு என்றாள், படுத்துக் கெடக்கிறவனுக்கு எதுக்குடி, உக்காருறவளுக்குத்தான் வேணும், பழைய கம்பெனி கொடுத்த கம்பளி, ஒரே ஒரு கம்பளி, இரண்டு பேரும் இரண்டு முனையைப் பிடித்துக்கொண்டு சண்டை போட்டார்கள், கடைசியில் அவள் அவர்மேல் விசிறிப் போட்டுவிட்டு வாசலைத் தாண்டினாள்.

அசையாமல் உட்கார்ந்திருந்தால் மனசுதான் அலைகிறது, பனி கேட்டில் இருக்கிறதா, இல்லை லூர்து போன அந்த ஜனவரிக் காலையில் இருக்கிறதா என்று சில சமயம் தெரிவதில்லை, ஐந்து நாள் காய்ச்சல், ஆறாம் நாள் விடியும்போது உடம்பு குளிர்ந்துபோச்சு, காய்ச்சல் விட்டுருச்சு என்று சந்தோஷப்பட்டவள் அவள்தான், அந்த முட்டாள் சந்தோஷத்தை இன்னும் அவளால் மன்னிக்க முடியவில்லை. புதுச் சட்டை போதும்மா, சுவட்டர் எதுக்கு என்று கோயில் உபதேசியார் சொன்னார், அவள் கேட்கவில்லை, சிவப்புச் சுவட்டரை மாட்டிக் கழுத்துவரை பொத்தான் போட்டாள், ஒரு நிமிஷம் ஒரு இடத்தில் நிற்காத பிள்ளை, இனி அசையாமல் கிடக்கப் போகிறவனுக்குக் குளிராதா, இதைச் சொன்னால் பைத்தியம் என்பார்கள், சொல்லவில்லை, சந்தியாகு மட்டும் குனிந்து சட்டைக் காலரைச் சுவட்டருக்கு வெளியே எடுத்துவிட்டார், பள்ளிக்கூடம் அனுப்புகிற மாதிரி. அந்தப் பொத்தான்கள் கண்ணாடிப் பொத்தான்கள், அவன் பாதையில் ஓடி வருகிறான், பொத்தான்கள் மின்னுகின்றன, அம்மா இங்க என்ன செய்ற என்கிறான், உக்காந்திருக்கேன்டா என்கிறாள், நீயா என்று சிரிக்கிறான், அக்கா, அக்கோய் என்று பக்கத்துச் சாக்கில் இருக்கும் ராக்கம்மா தோளை உலுக்குகிறாள், கீழே பாரு, உன் வீட்டுக்காரரத் தூக்கிட்டு வாராங்க.

சாக்கைவிட்டுத் துள்ளி எழுந்தாள், ஆனால் வந்தது பாடை இல்லை, பிளாஸ்டிக் நாற்காலி, ராக்கம்மா புருஷன் சுப்பையாவும் இன்னும் மூன்று பேரும் ஆளுக்கொரு கால் பிடித்துத் தூக்கி வருகிறார்கள், நாற்காலியில் கருப்புக் கம்பளிக்குள் சந்தியாகு, நாங்க மாட்டேன்னுதான் சொன்னோம், தவழ்ந்தே வந்துருவேன்னு கட்டில்ல இருந்து இறங்கிட்டாரு மதனி என்றான் சுப்பையா. அவள் சாக்கை அவர் காலடியில் போட்டாள், தன் மப்ளரை அவிழ்த்து அவர் கழுத்தில் சுற்றினாள். அவர் கேட்டைப் பார்க்கவில்லை, உள்ளே காவலுக்கு உட்கார்ந்திருந்த கந்தவேலுவைப் பார்த்தார், சத்தியமங்கலத்துப் பக்கத்து ஆள், முதல் குளிர்காலம், கம்பெனி கொடுத்த மெல்லிய நைலான் ஜாக்கெட், இரும்பு ஸ்டூல், உதடு வெடித்திருந்தது, பன்னிரண்டு நாளாக இவர்கள் இந்தப் பக்கம் நடுங்கினால் அவன் அந்தப் பக்கம் நடுங்கினான், யாரும் அவனை ஓர் ஆளாக எண்ணவில்லை. இரும்புல உக்காராதப்பா என்றார் சந்தியாகு, பலகை ஒன்னு போட்டுக்க, அந்த ஜாக்கெட்டுக்கு உள்ள பழைய கம்பளித் துணி ஏதாச்சும் போடு, நான் இருபத்தாறு வருசம் இதே எஸ்டேட்ல உக்காந்தவன். சரிங்க என்றான் அவன், தரையைப் பார்த்தபடியே, அய்யாவுக்கு உள்ள யாருங்க இருக்காங்க என்று கேட்டான். எம் மகன் என்றார் அவர்.

கந்தவேலு எழுந்து சாவியை எடுத்தான், அருளாயியிடம் மட்டும், அவள் முகத்தைப் பார்க்காமல், மெதுவாகத்தான் சொன்னான், அய்யா வேண்டாமுங்க, நீங்க மட்டும் போயிட்டு வாங்கக்கா, சீக்கிரமா. அவன் ஏன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை என்பது முதல் வளைவில் விளங்கவில்லை, இரண்டாவது வளைவில் விளங்கியது. சரிவு இல்லை, சரிவு இருந்த இடத்தில் சமதரை, சிவப்பு மண், அதன்மேல் வண்டிச் சக்கரத் தடம், பனி விழுந்து இறுகிக் கிடந்தது, ஒரு சிலுவை கிடையாது, ஒரு மேடு கிடையாது, ராக்கம்மாவின் மாமியாருக்கு வைத்த துளசி மாடம் கிடையாது, தூரத்து மூலையில் கல்லும் மண்ணும் ஒன்றாகக் குவித்து வைத்திருந்தார்கள். இங்கேயாக இருக்குமா என்று பத்து அடி நடந்தாள், திரும்பி நின்று மலையைப் பார்த்து அடையாளம் பிடித்தாள், மலை இருந்த இடத்திலேயே இருந்தது, கீழே எதுவுமே இல்லை. கார்த்திகை மாதம் முழுக்க மேலே இயந்திரம் உறுமியது எல்லோருக்கும் கேட்டதுதான், வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டுகிறார்கள் என்று பேசிக்கொண்டு கொழுந்து பறித்தார்கள். மண்ணில் மண்டியிட்டு விரலால் கீறிப் பார்த்தாள், நகம்தான் உடைந்தது.

திரும்பி வரும்போது மற்ற இருபத்தேழு பெண்களும் நாற்காலியில் சந்தியாகுவும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள், கந்தவேலு அவளை வெளியே விட்டுப் பூட்டினான், மன்னிச்சுக்கோங்கக்கா என்று அவன் முணுமுணுத்தது அவளுக்கு மட்டும் கேட்டது. என்ன பாத்தியா என்றார் சந்தியாகு. பாத்தேன். அப்படியே இருக்கா. அப்படியே இருக்குங்க, சுத்தமா வச்சிருக்காங்க. வெயிலு விழுதா அங்க. நல்லா விழுது. அவர் கண் பளபளத்தது, கம்பளிக்குள்ளிருந்து கையை எடுத்து அவள் மணிக்கட்டைப் பிடித்தார், பன்னிரண்டு நாளாக எல்லாவற்றையும் விட அவருக்குத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது இதுதான், பக்கத்துல எனக்கு இடம் இருக்கா. இருக்குங்க என்றாள் அருளாயி, நெறைய இடம் இருக்கு. அப்பாடா என்று ஒரு பெருமூச்சு விட்டு நாற்காலியில் சாய்ந்துகொண்டார், அப்ப இனிமே நீ உக்கார வேணாமே, வா வீட்டுக்குப் போகலாம் என்றார், கொஞ்ச நேரம் இருங்க, இப்பத்தான் வெயிலு வருது என்றாள். ராக்கம்மா அவள் உடைந்த நகத்தைப் பார்த்தாள், பிறகு முகத்தைப் பார்த்தாள், ஏதோ கேட்க வாயைத் திறந்தாள், இவரு போகட்டும் என்று அருளாயி உதட்டை மட்டும் அசைத்தாள். அவர் காலடியில் இருந்த சாக்கின் ஓரத்தில் உட்கார்ந்து கேட்டைப் பார்த்தாள், நாளைக்கும் வர வேண்டும், அதற்கு மறுநாளும், இனி எதற்காக என்று இவர்களுக்குச் சொல்ல வேண்டும், அவர் கை அவள் தோளில் இருந்தது, சின்ன நடுக்கம் தெரிந்தாலும் அந்தக் கைக்குத் தெரிந்துவிடும், அவள் அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.