தெல்மாவின் பக்கத்து வீடு

இங்கிலாந்தின் ஆல்டர்ஃபோர்டில் வியாழக்கிழமைச் சந்தைக்குக் காய்கறி கொண்டுவருகிறவர்கள்கூட தெல்மாவின் வீட்டை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டுத்தான் கடை விரிப்பார்கள். கறுப்பு மரச்சட்டம், வெள்ளைச் சுவர், சற்றே சரிந்த முகப்பு. நானூறு வருஷத்து வீடு. பாதுகாக்கப்பட்ட கட்டடங்களின் பட்டியலில் இருந்தது.

ஒட்டினாற்போல் நின்ற செங்கல் வீடு அவள் அக்கா மியூரியலுடையது. படம் எடுக்க வருகிறவர்கள் மியூரியலின் குப்பைத்தொட்டியை நகர்த்தி வைத்துவிட்டு தெல்மாவின் வீட்டைப் படம் எடுத்தார்கள்.

அப்பா இரண்டையும் பிரித்துக் கொடுத்தபோது, பழசைத் தங்கை தலையில் கட்டிவிட்டுச் செங்கல் வீட்டை எடுத்துக்கொண்டவள் மியூரியலேதான். பழசுக்கே பேர் வந்துவிட்ட எரிச்சல் அவளுக்கு முப்பது வருஷமாக அடங்கவில்லை. தெல்மா ஞாயிறுதோறும் இங்கே சாப்பிட வருவாள். மியூரியல் மட்டும் அங்கே படியேறுவதே இல்லை.

எழுபதாவது வயதில் தன் வீட்டையும் அந்தப் பட்டியலில் சேர்க்கச் சொல்லி ஒரு விண்ணப்பம் போட்டாள். பார்வையிட வந்த அதிகாரி ரோவெனா பிளாஸ்டிக் ஜன்னல்களைக் கண்டு உதட்டைப் பிதுக்கினாள்.

"குளிர் தாங்காம மாத்திட்டேன்மா," என்றாள் மியூரியல், குரல் இறங்கி.

ரோவெனா டார்ச்சோடு பரணில் ஏறினாள். முக்கால் மணி நேரம் கழித்துத் தலையெல்லாம் ஒட்டடையோடு இறங்கினாள்.

"மேடம், செங்கல்லு பிற்காலத்துல வெளிய ஒட்டினது. உள்ள மரவீடு. கூரை பூரா அடுப்புப் புகைக் கரி, புகைபோக்கி வர்றதுக்கு முந்தின காலம். பக்கத்து வீட்டுக்கு நூறு வருஷம் மூத்தது!"

இலையுதிர்காலத்தில், வீட்டைப் பட்டியலில் சேர்த்தாகிவிட்டது என்று கடிதம் வந்தது. மியூரியல் கோட்டுகூடப் போடாமல் தங்கை வாசலுக்கு ஓடினாள். தெல்மா நின்றபடியே படித்தாள்.

"ஜன்னல எடுக்கச் சொல்லலையா?"

"பட்டியல்ல சேர்றதுக்கு முன்னாடியே வெச்சதாச்சே. இருக்கட்டும்னுட்டாங்க."

தெல்மாவின் முகம் சுருங்கியது. "ரெட்டைக் கண்ணாடி போட மூணு தடவ அனுமதி கேட்டேன். பட்டியல்ல இருக்கிற வீட்டுல கை வைக்கக்கூடாதுன்னுட்டாங்க. உனக்குப் பேரும் வந்துது, கதகதப்பும் இருக்கு. எப்பவுமே உனக்குத்தான்க்கா எல்லாம் அமையுது."

முப்பது வருஷமாக மியூரியல் கேட்க ஏங்கிய பேச்சு. சாயங்காலத் தேநீர் வரைக்கும் இனித்தது.

அந்த ஞாயிறு தெல்மா வரவில்லை. இறைச்சி ஆறிக்கொண்டிருந்தது. இரண்டு மணி வரை பார்த்துவிட்டு, மியூரியல் தட்டை மூடி எடுத்துக்கொண்டு போய்க் கதவைத் தட்டினாள்.

தெல்மா வீட்டுக்குள்ளேயே கோட்டும் கம்பளித் தொப்பியும் போட்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் அந்த அழகான ஜன்னல்களின் இடுக்குகளில் எல்லாம் பழைய செய்தித்தாள் திணிக்கப்பட்டிருந்தது. காற்றில் அது படபடத்தது.

மியூரியலுக்கு என்னவோ போலிருந்தது. "குளிர் முடியிற வரைக்கும் அங்க வந்து இருடி."

"உன் வீடு கதகதப்புன்னு சொல்லிக்காட்ட வந்தியா?"

"சத்தியமா இல்லடி."

தெல்மா தட்டை மட்டும் வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினாள்.