இரண்டு புள்ளி இரண்டு

அறுநூறு கஜத்தில் ஐந்து முறை சுட்டாயிற்று. தோட்டாக்கள் எங்கே பட்டன என்று பார்க்க, வெண்டல் எழுந்து முழங்கால் மண்ணைத் தட்டிவிட்டு, சேஜ் புதர்களுக்கு நடுவே வண்டியை ஓட்டிக்கொண்டு குறி அட்டை ஒட்டிய பலகை வரை போக வேண்டியிருந்தது. போன வருஷம் வரை இந்த அலைச்சல் கிடையாது. கூட்டாளி ஓரின் இவனுக்குப் பக்கத்தில் குப்புறப் படுத்து, பெரிய தொலைநோக்கியில் பார்த்து, "ரெண்டங்குலம் எடது. காத்து தள்ளுதுடா கழுதை" என்று உடனுக்குடன் சொல்லிவிடுவான்.

காலையிலிருந்து இது ஆறாவது நடை. குறிபார்க்கத் துப்பாக்கியின் மேல் மாட்டியிருந்த புது ஸ்கோப்பில் குறை சொல்ல எதுவுமில்லை. தூரம் கூடினால் தோட்டா தாழ்ந்து விழும். அதற்குத் தக்கபடி ஸ்கோப்பின் மேல்திருகைத் திருப்ப வேண்டும். அறுநூறுக்குத் திருப்பிச் சுட்டான். மறுபடி இருநூறு கஜத்துக்கான ஸீரோவுக்குக் கொண்டுவந்து, அந்தத் தூரத்தில் சுட்டான். இரண்டு அட்டையிலும் துளைகள் உள்ளங்கைக்குள் அடங்கின. சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா நின்றான்.

நிலத்துக்காரி லவான் நாலு சக்கர பைக்கில் வந்து நின்றாள்.

"என்னப்பா, சண்டை கிண்டை வந்துருச்சா? என் மாடெல்லாம் வேலிய ஒட்டி ஒண்டிக்கிட்டு நிக்குது."

"புது ஸ்கோப்பு. சரியா இருக்கான்னு பாக்குறேங்க."

"கூடவே ஒருத்தன் ரேடியோ மாதிரி கத்திக்கிட்டே இருப்பானே, எங்க அவன்?"

"வரல."

"ரெண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை இல்லன்னு கடையில சொன்னாங்க. நான் ஒண்ணும் கேக்கலப்பா. பலகைய மட்டும் போறப்ப எடுத்துட்டுப் போயிடு. மாடு உரசியே ஒடச்சிரும்."

போன அக்டோபரில் நடந்தது அது. மலையில் நானூற்று ஐம்பது கஜத்தில் ஓர் ஆண் எல்க் மான் நின்றது. வெண்டல் திருகைத் திருப்பி மூச்சை அடக்குவதற்குள் மான் மரங்களுக்குள் போய்விட்டது. அரை மணி நேரம் கழித்து, அதே மான் கீழே இருநூறு கஜத்தில் வெளியே வந்தது. எப்போதும் கேட்பதுபோல ஓரின் கேட்டான்: "ஸீரோவா?" எப்போதும் சொல்வதுபோல வெண்டல் சொன்னான்: "ஸீரோ."

சுட்டதும் மான் துள்ளி ஓடியது. நின்ற இடத்தில் கொஞ்சம் முதுகு மயிரும் நாலைந்து சொட்டு ரத்தமும் கிடந்தன. இரண்டு நாள் தேடினார்கள். பிறகு பனி பெய்து தடத்தை மூடிவிட்டது.

"மலைக்கு வந்தன்னைக்கு நீ பிரேக் போட்டப்ப துப்பாக்கி கீழ விழுந்துச்சே, அதுல ஸ்கோப்பு போச்சு. உன்னாலதான்டா ஒரு மான் எங்கயோ கெடந்து சாகுது," என்றான் வெண்டல். வெண்டலை வீட்டு வாசலில் இறக்கிவிட்டுப் போன ஓரின் அதற்கப்புறம் வரவேயில்லை.

அன்று மாலையே பழைய ஸ்கோப்பைத் தாங்கியோடு கழற்றிப் பெட்டியில் வைத்து மூடினான் வெண்டல். பதினோரு மாதமாகத் திறக்கவில்லை. இப்போது புது ஸ்கோப்பின் திருகாணிகளை ஒருமுறை இறுக்கிப் பார்க்கலாமென்று தோன்றியது. அதற்கான சாவி வண்டியில் கிடந்த பழைய பெட்டியில் இருந்தது. திறந்தான்.

பழைய ஸ்கோப்பின் திருகு 2.2-இல் நின்றது.

துப்பாக்கியின் பின்கட்டையில் ஒட்டியிருந்த தூரப் பட்டியலைப் பார்த்தான். பார்க்கத் தேவையில்லை, மனப்பாடம்தான். நானூற்று ஐம்பது: 2.2.

பெட்டிக்குள் தானாகத் திரும்பியிருக்கலாமோ? சரியாக அந்த எண்ணுக்கா? ஸ்கோப்பையே சோதித்துவிடுவோம் என்று புது ஸ்கோப்பைக் கழற்றிப் பழையதை மாட்டினான். திருகைத் தொடாமல் இருநூறில் மூன்று முறை சுட்டான். குறிக்குப் பதினாறு அங்குலம் மேலே மூன்று துளைகள். நெஞ்சைக் குறிவைத்தால் முதுகு மயிரைச் சீவும் உயரம். ஸீரோவுக்குத் திருப்பி மறுபடி மூன்று. மூன்றும் நடுவில்.

ஸ்கோப்புக்கு ஒன்றும் ஆகவில்லை. ஓரினும் எதையும் கெடுக்கவில்லை.

வண்டிக் கதவைத் திறந்துபோட்டு உட்கார்ந்து, போனில் ஓரினின் எண்ணை இருமுறை எடுத்து இருமுறை வைத்தான். மூன்றாவது முறை அழைத்துவிட்டான்.

"ம்," என்றான் ஓரின். பின்னால் ரோடு சமன் செய்யும் இயந்திரம் உறுமியது.

"பழைய ஸ்கோப்ப இன்னிக்குத்தான் தொறந்தேன். திருகு ரெண்டு புள்ளி ரெண்டுல நிக்குது."

இயந்திரம் நின்றது.

"நானூத்தம்பது," என்றான் ஓரின்.

"ஆமா. ஸீரோவுக்குத் திருப்பவே இல்லடா நான். ஸ்கோப்பு நல்லாத்தான் இருக்கு."

"உன்னக் கேட்டேன்ல?"

"கேட்ட. நான் பாக்காமலே சொல்லிட்டேன்."

"இப்ப எதுல நிக்குது?" என்றான் ஓரின்.

வெண்டல் எழுந்து போய்க் குனிந்து பார்த்தான். "ஸீரோ."

"பாத்தியா?"

"பாத்தேன்."

"அஞ்சு மணி வரைக்கும் ரோட்டு வேல இருக்கு எனக்கு." போன் துண்டித்தது.

அதற்கு என்ன அர்த்தம், ஐந்துக்கு மேல் வருவானா என்று வெண்டலுக்குப் புரியவில்லை. மணி மூன்றரை. துப்பாக்கியை உறையில் போட்டான். பலகையை எடுக்க வண்டியைக் கிளப்பியவன், பாதி வழியில் நிறுத்தித் திரும்பி வந்து, சுடும்போது படுக்கிற பாயை உதறி, இரண்டு பேர் படுக்கிற அகலத்துக்கு விரித்தான்.